லென்ஸ் பூட்டப்படவில்லை

சுனோஜ் பேக்கரி வைத்த வாரம்
பப்ஸ் அடுக்கும் அட்டைப்பெட்டியில் போட்டுத்
தன் நூற்றைந்து எம்.எம்.மை எனக்கு விற்றான்.
நாலாயிரத்து ஐநூறு. மூவாயிரம் கேட்டுப் பார்த்தேன்.
பன்னிரண்டு வருஷம் என் ரேட்டில் ஐநூறு குறைத்தே
வேலந்தாவளத்துக் கல்யாணங்களை அள்ளியவன்
இதில் மட்டும் ஒரு ரூபாய் இறங்கவில்லை.

அவனுக்கு மஞ்சள் வார், எனக்குச் சிவப்பு வார்.
மாப்பிள்ளை வீட்டுக்கு அவன், பெண் வீட்டுக்கு நான்
என்று சில மண்டபங்களில் எதிரெதிரே வாய்க்கும்.
என் ஆல்பங்களில் அவன் முழங்கை இருக்கிறது,
அவன் ஆல்பங்களில் என் வழுக்கை.
அவன் எடுத்த முகங்களுக்குப் பின்னால்
சீரியல் பல்பெல்லாம் கரைந்து கஞ்சியாக நிற்கும்.
எப்படி என்று கேட்டதில்லை.
வயிறு எரிந்ததோடு சரி.

நிக்கான் கண்ணாடியைக் கேனான் உடம்பில் மாட்ட
ஒரு பித்தளை வளையம் போதுமாம், அறுநூற்றைம்பது.
கோயமுத்தூர் வந்து, அங்கிருந்து பஸ் கண்டக்டர் கையில்,
செக்போஸ்ட்டில் கோழி வண்டிகளுக்குப் பின்னால்
முக்கால் மணி நேரம் நின்று வந்து சேர்ந்தது.
இரண்டரை மில்லிமீட்டர் தடிமன்.
கண்ணாடிக்கும் சென்சாருக்கும் நடுவே
அவர்கள் ஆட்கள் விட்ட இடம்
எங்கள் ஆட்கள் விட்டதைவிட
அவ்வளவுதான் கூடுதல்.
இதற்குத்தான் டீக்கடையில்
பெஞ்சு மாறி உட்கார்ந்திருக்கிறோம்.

மாட்டினேன். காமிரா ஒப்புக்கொள்ளவில்லை.
துளையின் அளவு வர வேண்டிய கட்டத்தில்
பூஜ்யம் பூஜ்யம்.
லென்ஸே இல்லையாம்.
எதிர்க்கடைத் தேங்காய் மூட்டையின் சணலோ
நூல் நூலாகத் தெரிகிறது.

எல்லாம் கையால்தான்.
முழுசாகத் திறந்துவைத்துக் குறிபார்த்து
பிறகு ஒன்று, இரண்டு, மூன்று என்று சொடுக்கி மூட வேண்டும்.
ஒவ்வொரு சொடுக்குக்கும்
மண்டபம் ஒரு படி இருட்டும்.

கொழிஞ்சாம்பாறையில் ரேணுப்பிரியா கல்யாணம்.
அவர்கள் பக்கச் சடங்கு
நம் ஆட்கள் செருப்பைக் கழற்றுவதற்குள் முடிந்துவிடும்.
அனூப் தாலியை எடுத்தான்.
என் கை தனக்குத் தெரிந்த பக்கம் திருப்பியது.
எனக்குத் தூரம் இருக்கும் திசையில்தான்
அந்த லென்ஸுக்குக் கிட்டம்.
நான் அவளை நோக்கிப் போகப் போக
அது அவளைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது.
கெட்டிமேளம்.
மூன்று முடிச்சும் பாலில் ஊறிய பஞ்சு.

நல்லவேளை, மேடைக்கு அந்தப் பக்கம்
என் உதவியாள் ஃபாரூக் நின்றிருந்தான்,
சாதாரண கிட் லென்ஸோடு, வாயைப் பிளந்துகொண்டு.
ஆல்பம் அவனால் பிழைத்தது.

மறுநாள் காலை பேக்கரியில் சுனோஜ்
கல்லாவை விட்டுத் தலை தூக்காமலே கேட்டான்:
"மறுபக்கம் திரிக்கணும். மறந்நு போயோ?"
கேக் கொண்டுவந்தவன்
கேக்கைத் தவிர மற்றதையெல்லாம் பார்த்திருக்கிறான்.
"படம் கொஞ்சம் சாஃப்ட்" என்றேன்.
சிரித்தான். ஒரு முட்டை பப்ஸ் எடுத்து வைத்தான்.
பதினெட்டு ரூபாய் வாங்கிக்கொண்டான்.

அவனிடம் சொல்லாதது ஒன்று.
அந்தப் பஞ்சுப் படத்தை அழிக்கும் முன்
நூறு சதவீதம் பெரிதாக்கிப் பார்த்தேன்.
தாலிக்கு எட்டடி பின்னால்
தூணோரம் கத்திபோல் கூர்மையாக அவன்.
சட்டையில் க்ரீம்.
இடது கை, அங்கே இல்லாத எதையோ
அடியில் தாங்கியிருக்கிறது.
வலது கை ஆள்காட்டி விரல்
காற்றில்
அழுத்தி முடித்திருக்கிறது.

சரியாக அதே நொடி.
நான் ஒரு நொடி பிந்தியிருக்கலாம்,
அவன் பிந்தவில்லை.

கோப்பின் குறிப்பைத் திறந்தேன்.
லென்ஸ்: இல்லை.
துளை: பூஜ்யம் பூஜ்யம்.
அழிக்கவில்லை.