ஆறாம் மாடி அறுவடை

மழை நான்கு மணிக்கு என்றது கைப்பேசி.
சர்க்கரைமானியைக் கண்ணில் வைத்து
வெயில் பக்கம் திரும்பிய இயூ செங்
"பதினாறு" என்றார்.
ஒயினுக்கு இருபத்திரண்டு வேண்டுமாம்.
இன்னும் பத்து நாள் கொடு என்று
யாரிடம் கேட்பது?
மழையிடமா, மைனாக்களிடமா?

உட்லண்ட்ஸில்
கார் நிறுத்துமிடத்தின் மொட்டைமாடி இது.
காலடியில் ஐந்து அடுக்கு வண்டிகள்.
மேலே எட்டுத் தொட்டி,
துணி காயப்போடும் மூங்கில்களைக் கட்டிய பந்தல்,
எப்போதோ யாரோ
பூப்பந்து ஆடிய வலை.
நீரிணைக்கு அப்பால் ஜோகூர்க் கட்டடங்கள்
பாதி பழுத்த நிறத்தில்.

குளிரே இல்லாத ஊரில் கொடி தூங்காது.
தூங்காத கொடி காய்க்காது.
அதனால்
சீனப் புத்தாண்டு ஆரஞ்சுத் தோல்கள்
இன்னும் தொட்டிகளில் கிடந்த வாரத்தில்
இலை இலையாகக் கிள்ளி
ஒரு குளிர்காலத்தைக் கையாலேயே செய்தோம்.
"பாவம், அதுகிட்ட பொய் சொல்றோம்" என்றாள் நொர்லேலா.
பத்தாம் நாள் கொடி நம்பிவிட்டது.
கணுவெல்லாம் கண் திறந்தது.

கத்தரிக்கோல் இரண்டுதான்.
எனக்கு நகம்.
காம்பு பழுப்பேறிய இடத்தில் வளைத்தால்
டக்கென்று ஒரு சத்தம்.
பேருந்தில் பக்கத்துச் சீட்டுக்காரர்
தூங்கித் தோளில் சரிவதுபோல்
குலையின் முழுப் பாரமும்
ஒருசேர உள்ளங்கையில் இறங்குகிறது.

ரோசலிண்ட் ஒரு கோடையில்
ஆஸ்திரேலியாவில் கூலிக்கு அறுத்தவள்.
அங்கே வரிசையின் முடிவு
கண்ணுக்கே தெரியாதாம்.
இங்கே ஏழு எட்டு வைத்தால்
மின்தூக்கி மோட்டார் அறையின் சுவர்.

பழத்தின் மேல் மெல்லிய வெண்பொடி.
தொட்ட இடத்தில்
என் ரேகை கருநீலமாக விழுகிறது.
நான் வேலை பார்ப்பது சில்லு செய்யும் ஆலையில்.
கண் மட்டும் தெரியும் வெள்ளை உடை,
ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு கையுறை.
பதினோரு வருடத்தில்
அங்கே எதன்மீதும் என் விரல் பட்டதில்லை.
பட்டால் அந்தத் தட்டு குப்பைக்கு.
இங்கே பழம் பழமாகக் கையெழுத்துப் போட்டேன்,
"சீக்கிரம், சீக்கிரம்" என்று
மூன்று பேரும் கத்தும்வரை.

மூன்றே முக்காலுக்கே முதல் துளி.

மீன் நிறுக்கும் தராசில்
மூன்று கிலோ நூறு.
சிலது வெடித்தது, சிலது இன்னும் பச்சை.
"சீனி போட்டா சரியாயிடும்."
தோட்டம் வைத்து ஒயின் செய்கிறவர்கள் கேட்டால்
அழுதுவிடுவார்கள்.
ஒயின் தொடாத நொர்லேலா
நொதிக்கும் முன்பே தன் பங்கை எடுத்துக்கொண்டு
மகள் வாயில் ஒன்று வைத்தாள்.
ஒரு கண் மூடி, தோள் ஏறி,
அந்தக் குழந்தை முகம் சுளித்தது பாருங்கள்,
சர்க்கரைமானி அவ்வளவு துல்லியமாகச் சொல்லாது.

அன்று எனக்கு இரவுப் பணி.
இரண்டு கையுறைக்குள்ளே நகக்கண்கள் ஊதா.
காற்றின் தூசியைத்
துகள் துகளாக எண்ணும் இயந்திரம்
அதை எண்ணவில்லை.

நேற்று மின்தூக்கியில் இயூ செங்.
கையில் ரொட்டிப் பை.
ஜாடியைப் பற்றிக் கேட்கவில்லை,
புருவத்தை மட்டும் உயர்த்தினேன்.
"மூச்சு விடுது" என்றார்.
ஒன்பதாம் மாடியில் இறங்கிக்கொண்டார்.