திப்பிக் களத்தில் ஒரு சோதனை ஓட்டம்

பதினோரு அடி அகலம்.
வாழைமட்டை மாதிரி உள்வளைந்த தகடு.
வரைபடத்தின் ஓரத்தில்
-35 டிகிரி என்று அச்சிட்டிருந்தது.
அந்த மைனஸை ஏதோ கீறல் என்று நினைத்து
இருசப்பன் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தான்.

கருப்பூர்ப் பட்டறையில் அன்றைக்கு நாற்பத்தொன்று.
இங்கே யாரும் பிளஸ் போடுவதில்லை.

லாரியின் மூக்கில் மாட்டுகிற கலப்பை இது.
உழாது, வழிக்கும்.
முழங்கால் உயரம் கிடக்கும் பனியை
ஓரம் தள்ளிக்கொண்டே போகும்.
நடுவில் கல் தட்டினால்
கீழ்விளிம்பு மட்டும் பின்னால் மடங்கி
தாண்டியதும் ஸ்பிரிங் இழுக்க நிமிரும்.
முப்பது வருடமாக முதலாளிகளிடம்
நான் செய்துவருவதுதான்.

ஓட்டிப் பார்க்காமல் அனுப்பக்கூடாது என்றது ஒப்பந்தம்.
எதில் ஓட்டுவது?
ஏற்காட்டில் கிடைப்பது மூடுபனி,
அதைத் தள்ள ஹாரன் போதும்.
மாமாங்கத்து வெள்ளைக்கல் பெயின்டைத் தின்றுவிடும்.

கடைசியில் ஆத்தூர் ரோட்டில்
ஒரு சேகோ ஆலையின் காய்களம்.
கிழங்கின் பாலெல்லாம் போய் மிஞ்சிய திப்பி
ஈரம் வற்றாமல், கண் கூச,
ஒரு ஏக்கர் வெள்ளை.

டிப்பரில் மாட்டித் தகட்டை இறக்கினோம்.
சுருண்டு எழுந்து
வலப்பக்கம் சாய்ந்துகொண்டே போனது திப்பி.
பின்னால் சிமென்ட் தரை
துடைத்த தட்டு போல வந்தது.
இருசப்பன் விசிலடித்தான்.
உப்பு தூவும் தட்டை மட்டும் சுற்ற விடவில்லை,
இது மாட்டுக்குப் போகிற சரக்கு.

தலையில் துண்டும் கையில் தள்ளுபலகையுமாக
பாவாயி வந்து நின்றாள்.
"எங்க ஆறு பேருக்கு மத்தியானம் வரைக்கும் வேலை இது.
எத்தன நிமிசம் ஆச்சுங்க?"
நான்கு என்று சொல்லாமல்
வாட்சைப் பார்ப்பதுபோல் குனிந்தேன்.
விளிம்பைத் தொட்டாள், சுட்டது, கையை உதறினாள்.
"அந்த ஊர்ல இதுக்கு முன்ன யாரு வழிச்சாங்க?"

வரைபடத்தில் அது இல்லை.

பிறகு ஆறு பேரும்
நாங்கள் ஒதுக்கியதையெல்லாம்
மறுபடி களம் முழுக்கப் பரப்பினார்கள்.
காய வேண்டுமே.
பரப்புவதற்கு எங்களிடம் மெஷின் இல்லை.
முதலாளி ஆளுக்கு இருநூறு கொடுத்து
சோதனைச் செலவு என்று எழுதச் சொன்னார்.

ஜனவரியில் ஒரு புகார் வந்தது, படத்தோடு.
மூன்றாம் ஸ்பிரிங்கின் மடிப்பில் வெள்ளையாக ஏதோ.
பனி இல்லை, உருகவில்லை, என்ன அது?

சேதமில்லை என்று டைப் அடித்தேன்.
இன்னும் ஒரு வரி எழுதி,
அழித்து,
மறுபடி எழுதினேன்:
மாடு தின்னும்.