ஆறு புள்ளி எழுத்து

முதல் ஆல்பத்தில்தான் நன்றி நீளும்.
டர்பன், கிரே தெரு, மசூதிக்குப் பின்சந்து,
இரண்டாம் மாடி அச்சகம்.
சிடி உறைக்குள் செருகும் தாளைக்
கோத்துக் கொடுப்பவள் நான்.
பாட்டை நான் கேட்பதில்லை.
யார் யாருக்குக் கடன்பட்டவர் என்பது மட்டும்
எல்லோருக்கும் முன்னால் தெரிந்துவிடும்.

உம்லாசியிலிருந்து தேவாலயப் பாடகர் குழு.
நாற்பத்திரண்டு பேர், நாற்பத்திரண்டு பெயர்.
அகரவரிசை கூடாது, வயது வரிசை கூடாது,
"ஆண்டவர் முன்னால் எல்லாரும் ஒன்று,
ஆனால் மா ஷெஸி முதலில் வரட்டும்."
எட்டுப் புள்ளியில் தொடங்கி
ஏழரை, ஏழு, ஆறு என்று இறங்கினேன்.
அதற்கும் கீழே போனால் எழுத்தில்லை, எறும்பு.

ம்சிங்காவிலிருந்து வந்த வுஸுமுஸி
கிட்டாரை இறக்காமல் நின்றபடியே சொன்னார்:
வேன் ஓட்டிகள் ஒன்பது பேர், வண்டி எண்ணோடு.
காசு வாங்காமல் என் பாட்டை
ஊர் ஊராய் ஏற்றிப் போனவர்கள், அம்மா.
எழுதினேன். ஓர் எண்ணில் பிழை; என் பிழை.
ஒரு நன்றி மட்டும்
யாரோ ஒரு ரொட்டி வண்டிக்குப் போய்ச் சேர்ந்தது.

ரூபாவதி தபால் நிலையத்தில் முத்திரை குத்துகிறவள்.
தேவாரத்தை ஆங்கில எழுத்தில் வைத்துப் பாடுகிறாளாம்;
ழகரம் மட்டும் தானாக வருகிறது, எங்கிருந்தோ.
அட்டையில் தமிழ் வேண்டும் என்றாள்.
என் கணினியில் இருந்தது ஒரே ஓர் எழுத்துரு.
'கொன்றை' என்று அடித்தேன்.
கொம்பு மட்டும் கழன்று
முந்தின வரிக்கு ஏறி உட்கார்ந்துகொண்டது.
ஐந்நூறு படி அச்சான பிறகு பார்த்தேன்.
அவள் விரலால் தடவி, "எத்தனை அழகு" என்றாள்.
நான் சொல்லவில்லை.
இன்றுவரை சொல்லவில்லை.

ரேமண்ட் கந்தப்பன் துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டியவர்.
ஓய்வு பெற்று, அறுபத்தோரு வயதில்
முதல் ஜாஸ் தட்டு. சாக்ஸபோன்.
நன்றிக்குக் கீழே ஒரே பெயர்;
மனைவி பெயர் இல்லை.
மறுநாள் காலை மனைவி படியேறி வந்தாள்.
மாதிரித் தாளைக் கேட்டு வாங்கி,
கண்ணாடி மாட்டி, நெடுநேரம் படித்தாள்.
நான் ஸ்டேப்ளரை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன்.
"லொரெட்டாவுக்கு டி இரண்டு" என்றாள்.
"கல்லறையில் சரியாகத்தான் இருக்கிறது."

இரண்டாம் தட்டோடு திரும்பி வருகிறவர் சிலர்.
வந்தால் நன்றி நாலே வரி:
மேலாளர், வக்கீல், ஒலிப்பதிவாளர், கடவுள்.
தாளில் வெள்ளை இடம் ஏராளம்.
பூப்போட்டு நிரப்புவேன்.

சாட்ஸ்வர்த் பையன்கள் மூவர்,
கெர்ஷன், ப்ரெவின், தேஷன். மெட்டல்.
கறுப்பு அட்டையில் கறுப்பு எழுத்து,
செலவு பார்த்துப் போட்ட கோபம்.
நன்றி: யாருக்கும் இல்லை.
இருபத்துநான்கு புள்ளி. எனக்கு வேலை மிச்சம்.
கடை சாத்தும் நேரத்தில் தேஷன் மட்டும்
டிரம்ஸ் குச்சி பைக்குள் துருத்திக்கொண்டிருக்கத்
திரும்பி வந்தான்; ரசீதின் முதுகில் எழுதினான்:
நீலவதி.
"அம்மா. ஸ்டுடியோ வாடகை
அவங்க சட்டைக் காலர் தைச்ச காசு.
மத்த ரெண்டு பேர் கண்ணுல படாத இடமாப் போடுங்கக்கா."

கறுப்பு அட்டையில் வெள்ளை இருப்பது ஒரே இடம்,
விலைக்கோடு அச்சாகும் சதுரம்.
கோடுகளுக்கு அடியில்,
எண்களுக்கும் ஓரத்துக்கும் நடுவில் வைத்தேன்.
நான்கு புள்ளி.
எறும்புதான்.

வெஸ்ட் தெருக் கடையில் ஒருநாள்
எனக்கு முன்னால் நின்றவன் அதை வாங்கினான்.
கல்லாக்காரி திருப்பிப் பிடித்தாள்.
சிவப்பு வெளிச்சம் ஒரு கோடாய்
நீலவதிமேல் ஓடியது.
பீப் என்றது இயந்திரம்.
அவன் சில்லறையை எண்ணிக்கொண்டிருந்தான்.