சுண்டுவிரல்

ஹட்டன் பஸ் ஸ்டாண்டுக்கு மேலே, படியேறினால் ரெண்டாவது கடை.
கண்ணாடி மேசையில் ரெண்டையும் பக்கத்தில் பக்கத்தில் படுக்க வைத்து
ரிஸ்மின் தம்பி சொன்னான்:
"நீலம் வந்து அக்கா, முதுகும் கண்ணாடி.
மத்தது கொஞ்சம் தடிச்சது. விழுந்தா எழும்பும்."

நீலத்தை எடுத்த தர்ஷிகா கீழே வைக்கவில்லை.
காசல்ரீ தண்ணி மாதிரி
வெயில் பட்ட பக்கம் ஒரு நிறம், படாத பக்கம் இன்னொன்று.
அழகுதான்.
அழகு எனக்கும் தெரியும்.
ஆனால் மழையில், இடுப்புப் படங்குக்குள்,
காம்பும் மண்ணும் அட்டையும் உரச
எத்தனை நாளைக்கு அது நீலம்?

"விரல் வைங்க."
வைத்தேன்.
"ஈரம் போல, துடைச்சிட்டு வைங்க."
சேலையில் ஒரு தரம் துடைத்தேன், அவன் தந்த துணியில் ஒரு தரம்.
பெருவிரல் இல்லை. ஆட்காட்டி இல்லை. நடுவிரலும் இல்லை.
நாளுக்கு இருபது கிலோ என்று பதினாறு வருஷம் கிள்ளியதில்
ரேகையும் கொஞ்சம் கொஞ்சமாய்த் தராசுக்குப் போயிருக்கிறது.
அதற்கு யாரும் பேர் போடவில்லை,
அரைப் பேர்கூட.

கடைசியில் இடது சுண்டுவிரல்.
டக்கென்று திறந்தது!
எல்லா விரலும் உழைக்க
ஓரமாய் நின்று வேடிக்கை பார்த்த விரல்.
மூன்று பேரும் சிரித்துவிட்டோம்.

தடிச்சது முகம் பார்க்குமாம்.
பார்த்தது, சரி என்றது.
பையிலிருந்த துண்டை எடுத்து
மலைக்குப் போகிற மாதிரி புருவம்வரை இறக்கிக் கட்டிக்கொண்டு
மறுபடி நீட்டினேன்.
தெரியாது என்றது.
"அதைக் கழட்டிட்டுக் காட்டுங்க அக்கா."
விடிந்தால் பொழுது சாயும்வரை
நான் இப்படித்தானே தம்பி.

அப்புறம் கேள்விகள் வந்தன.
உங்கள் குரலைக் கேட்கலாமா.
உங்கள் ஆட்களின் நம்பர்களைப் பார்க்கலாமா.
நீங்கள் இருக்கும் இடத்தை அறியலாமா.
"எல்லாத்துக்கும் ஆமான்னு அமுக்குங்க, எல்லாரும் அப்படித்தான்."
நான் எழுத்துக் கூட்டாமல், நிதானமாய், வாசித்தேன்.

எங்கள் லயத்தில்
இந்தக் காம்பராவில் இருமினால்
அடுத்த காம்பராவில் கொத்தமல்லி கொதிக்கும்.
வாசலில் நின்று இப்படி ஒருத்தரும் என்னைக் கேட்டதில்லை.
என் பேருக்கு வரும் கடிதம்
தோட்டத்து ஆபிசில் நாலு நாள் கிடந்து
நாலு கை மாறித்தான் வரும். கதவுக்கு இலக்கம் கிடையாது.
தபால்காரருக்கே தெரியாத என் இடம்
உனக்கு மட்டும் எதற்கு?
வேண்டாம் என்று அமுக்கினேன்.
வேண்டாம்.
மூன்றாவது வேண்டாம் கொஞ்சம் ருசியாகவே இருந்தது.

கொழும்பிலிருந்து அவர் பேசினார், பழைய போனில்.
"விரலோ முகமோ வச்சிக்க. நம்பர் எல்லாம் என்னத்துக்கு?
யாருக்கு மறைக்கப்போற?"
குரலில் சந்தேகம் இல்லை.
அதனால்தான் பதில் சொல்ல வரவில்லை.
தூங்கும்போது என் விரலை யாரும் தூக்கி வைக்கலாம்.
முகத்துக்கு நேரே பிடிக்கலாம்.
மனதில் கிடக்கும் நம்பரை
என்னை எழுப்பித்தான் கேட்க வேண்டும்.

தடிச்சதை எடுத்தேன்.
சீட்டுக் காசு முன்பணம், மிச்சம் ஆறு மாதத் தவணை.
தர்ஷிகா கொட்டகலை தாண்டும்வரை
பஸ் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.
வெளியே பனிமூட்டம், பார்க்க ஒன்றுமில்லை.

ஆறு இலக்கம் வேண்டும்.
செக்ரோல் நம்பர் கங்காணிக்குத் தெரியும்.
பிறந்த நாள் அடையாள அட்டையில் இருக்கிறது.
கல்யாண நாள் அவருக்கும் பாதி.
எனக்கு மட்டும் நடந்த ஒரு நாளைத் தேடிப் போனதில்
இறங்க வேண்டிய இடம் தாண்டிவிட்டது.
ஒரு மைல் திரும்பி நடந்தோம், மகள் முணுமுணுக்க.

கிடைத்தது.
இங்கே சொல்ல மாட்டேன்.

ராத்திரி போர்வைக்குள் திறந்து பார்த்தேன்.
கடையில் தர்ஷிகா விளையாட்டுக்கு அமுக்கிய படம் ஒன்று:
என் சுண்டுவிரல், கோணலாய், மங்கலாய்.
வேறொன்றும் இல்லை இன்னும்.

திரும்பவும் பூட்டினேன்.