காகிதப்படி

அந்தப் பக்கத்திலிருந்து வந்தால் ஐந்து ரிங்கிட்.
இந்தப் பக்கத்திலிருந்து போனால் ஐந்து வெள்ளி.
அதே தண்டவாளம், அதே ஐந்து நிமிடம்.
வீடு திரும்பத்தான் விலை கூட.

சீட்டில் என் பெயர் பாதியில் முறிந்திருந்தது:
தவசீலன் ஏ/எல்
இன்னாருடைய மகன் என்று தொடங்கி
யாருடைய என்பதற்கு இடமில்லாமல் போன பெயர்.
வாயிலில் நின்றவர் அதைப் படிக்கவில்லை.
கோடுகளை மட்டும் பார்த்தார், "ம்" என்றார்.

முதல் முகப்பு சிங்கப்பூர்.
பன்னிரண்டு மணி நேரம் கையுறைக்குள் ஊறிய கட்டைவிரலை
இயந்திரம் நம்பவில்லை.
சட்டையில் துடைத்து வைத்தேன்.
நம்பவில்லை.
பின்னால் நின்றவர் விட்ட பெருமூச்சு
என் பிடரியில் பட்டது.
மூன்றாம் முறை திறந்தது,
போய்த்தொலை என்பதுபோல.

கேக் பெட்டி ஊடுகதிருக்குள் போய் வந்தது.
திரையில் ஆரஞ்சு நிறத்தில் மிதந்தது
ஒரு மெழுகுவத்தி ஏழு.
அதிகாரி என்னை ஒருமுறை பார்த்தார்.
ஒன்றும் கேட்கவில்லை.

அப்புறம் ஓர் இருபது அடி.
அடுத்த முகப்பில் நோரிடா என்ற பெயர்ப்பட்டை.
கடவுச்சீட்டைத் திருப்பித் தந்து
"செலாமாட் பூலாங்" என்றார்.
வீடு வந்து சேர்ந்தவனுக்குச் சொல்கிற சொல்.
சன்னலுக்கு வெளியே இன்னமும் உட்லண்ட்ஸ் அடுக்குமாடி,
மூங்கில் கழியில் யாரோ காயப்போட்ட பள்ளிச் சீருடை.

ரயில் தாமதம் என்றது ஒலிபெருக்கி,
மலாயில், பிறகு ஆங்கிலத்தில்.
எவ்வளவு நேரம் என்று
இரண்டிலும் சொல்லவில்லை.

ஒரு நாட்டை விட்டாயிற்று.
இன்னொன்றுக்குள் நுழைந்தாயிற்று.
முந்நூறு பேர் அசையாமல் உட்கார்ந்திருக்கிறோம்.
கடல்நண்டு தின்னப் போகிற ஒரு சீனக் குடும்பம்,
சோற்றுப்பானைப் பெட்டியின்மேல் தலைவைத்துத் தூங்கும் ஒரு பெண்,
நான்.
திரும்பிப் போய் ஒரு தண்ணீர் போத்தல் வாங்க முடியாது.
அந்தக் கடை இப்போது வெளிநாடு.

கவிஷா அழைத்தாள்.
"அப்பா, மலேசியா வந்துட்டீங்களா?"
காகிதப்படி யோசித்தேன்.
"வந்துட்டேம்மா."
"அப்ப ஏன் இன்னும் வரல?"

பெட்டியின் மூலையில்
க்ரீம் வியர்க்கத் தொடங்கியிருந்தது.

ஒருவழியாக வந்தது.
இருக்கை எண் எல்லோருக்கும் இருந்தும்
எல்லோரும் ஓடினோம்.
பக்கத்துச் சாலையில் மோட்டார் சைக்கிள்கள்
ஒன்றின் முதுகை ஒன்று முகர்ந்தபடி நின்றன.
நடுவில் எங்கோ, கறுத்த நீருக்கு மேலே,
சட்டைப்பையில் கைப்பேசி அதிர்ந்தது.
மலேசியாவுக்கு நல்வரவு.

முக்கால் மணி நேரம் முன்பே வந்துவிட்டவன்
மூடியைக் கொஞ்சம் தூக்கிப் பார்த்தேன்.
ஏழு
ஒரு பக்கமாய்ச் சாய்ந்திருந்தது.