இருபத்தேழு கம்பங்கள்

கட்டட வேலையில்
முதலில் வருகிறவன் நான்.
அஸ்திவாரத்துக்கு முன்பு, தண்ணீர்க் குழாய்க்கு முன்பு,
வீட்டுக்காரர் மனசுக்குள் சமையலறைக்குச்
சாயம் பூசி முடிப்பதற்கும் முன்பு
மரத்தைச் சுற்றி வேலி நின்றாக வேண்டும்.
அட்லாண்டாவில் அதுதான் என் பிழைப்பு.

லாங்லி தெருவில் ஒரு வெள்ளை ஓக்.
நெஞ்சுயரத்தில் அளக்கச் சொல்கிறது விதி.
யார் நெஞ்சு என்று சண்டை வரக் கூடாதென்று
நாலரை அடி என எழுதிவைத்திருக்கிறார்கள்.
நாலரை அடி எனக்கு நெஞ்சு.
மேஸ்திரி லெஸ்டர் பிக்கன்ஸுக்கு விலா.
நகராட்சியின் மர ஆய்வாளர் ஒடெஸ்ஸா ரூக்கருக்குத்
தாடை.

விட்டம் முப்பத்து நான்கு அங்குலம்.
அங்குலத்துக்கு ஓரடி தள்ளிப் போ என்கிறது காகிதம்.
சுண்ணாம்புப் பொடியில் வட்டம் போட்டு முடித்தபோது
மனையில் பாதி மரத்துக்குப் போயிருந்தது.
மிசஸ் கில்லியம் கோட்டுக்கு வெளியே நின்று
"கார் எங்கே நிற்கும்?" என்றார்.
மரத்தைக் கேட்டாரா, என்னைக் கேட்டாரா?
நாங்கள் இருவருமே பதில் சொல்லவில்லை.

இருபத்தேழு கம்பம், ஆரஞ்சு வலை.
உள்ளே செங்கல் கூடாது, மணல் கூடாது,
சிமெண்ட் கழுவிய தண்ணீர் கூடாது,
நிழலுக்கென்று லாரியை ஒதுக்கக் கூடாது.
அத்தனையும் இரண்டு மொழியில் எழுதி மாட்டினேன்.
ஜூலை மாதம்.
அந்தத் தெருவில் நிழலே அங்கே மட்டும்தான்.
கான்கிரீட் லாரி ஓட்டும் யுலீசெஸ்
வலைக்கு வெளியே, நிழலின் விளிம்பு நகர நகரத்
தன் சாப்பாட்டுப் பெட்டியையும் நகர்த்திக்கொண்டே
சாப்பிட்டு முடித்தான்.

மூன்றாம் வாரம், வெள்ளிக்கிழமை சாயங்காலம்
பிக்கன்ஸ் கூப்பிட்டான்.
"கிழக்குப் பக்கம் ஆறு கம்பம். நாலடி உள்ளே தள்ளு.
நாளைக்குப் பள்ளம் தோண்டுகிற வண்டி திரும்ப இடமில்லை.
திங்கட்கிழமை பழையபடி நட்டுவிடலாம்."
கத்திரிக்காய் விலை சொல்வது போலச் சொன்னான்.
இருநூறு டாலர்.
தள்ளினேன்.
இதை வேறு மாதிரி சொல்லிப் பார்த்திருக்கிறேன்,
பிக்கன்ஸ் தள்ளவைத்தான் என்று,
இருட்டிவிட்டது, அளவு தவறிவிட்டது என்று.
தள்ளினேன். பழைய குழிகளை மூடிக்
காலால் மிதித்து, இலை தூவினேன்.

ஞாயிறு மழை பெய்தது.

ரூக்கர் அளவு நாடாவை எடுக்கவே இல்லை.
திங்கள் காலை ஏழு மணிக்குக் காபியோடு இறங்கி வந்து
வலைக்கு வெளியே வரிசையாய்
ஆறு சிவப்புப் பொட்டுகளைப் பார்த்தார்.
ஜார்ஜியா மண் அப்படி. தோண்டினால் சிவக்கும்,
மூடினாலும் சிவந்தே கிடக்கும்.
"ஆறு" என்றார்.
பிறகு வண்டித் தடத்தில் குனிந்தார்.
ஒரு வேர் தோலுரிந்து
சீவிய முள்ளங்கியாய் வெளுத்திருந்தது.
காபியைத் தரையில் வைத்துவிட்டு
அதை ஈரச் சாக்கால் மூடினார்.

பதினொரு நாள் வேலை நிறுத்தம்.
அபராதம் பிக்கன்ஸுக்கு.
என் பெயர் எந்தக் காகிதத்திலும் இல்லை.
இருநூறு டாலருக்கு இரண்டு டயர் மாற்றினேன்.

பழைய குழிகளிலேயே ஆறையும் திரும்ப நட்டேன்,
அடியில் கைவிட்டுத் துழாவி,
வேர் இல்லாத இடமாய்ப் பார்த்து.
வரைபடக்காரர் கார் பாதையை வளைத்தார்.
வரவேற்பறை ஓரடி சுருங்கியது,
வாங்கவிருந்த டிவியும் கூடவே சுருங்கியதாம்.

கட்டட வேலையில்
கடைசியாகப் போகிறவனும் நான்.
பதினாறு மாதம் கழித்து வலையைச் சுருட்டினேன்.
உள்ளே முழங்காலளவு புல்,
ஒரு டென்னிஸ் பந்து,
யாரோ எறிந்த கையுறை, இடது கை மட்டும்.
கம்பங்களைப் பிடுங்கிப் பிடுங்கி வண்டியில் போட்டேன்.
கிழக்கில் நாலாவது வரவில்லை.
ஆட்டினேன். மண்ணை விரலால் கிளறினேன்.
நூல் நூலாய் வேர்கள் படர்ந்திருந்தன.
அவற்றின் நடுவே சுண்டுவிரல் கனத்தில் ஒன்று
இரும்பைச் சுற்றி வளைந்து போயிருந்தது,
கார் பாதை மரத்தைச் சுற்றிப் போனதைப் போலவே.

மிசஸ் கில்லியம் ஜன்னலைத் திறந்து
"முடிந்ததா?" என்றார்.
"முடிந்தது."
ரம்பம் எடுத்துத் தரை மட்டத்தில் அறுத்தேன்.
மேலே மரச்சில்லு பரப்பினேன்.

இருபத்தேழு கம்பமும் திரும்பப் பெற்றதாக
ரசீதில் கையெழுத்துப் போட்டேன்.
வண்டியில் இருந்தது
இருபத்தாறரை.