நீர்க்கோடு

சாங்கியில், உபின் தீவைப் பார்த்தபடி
ஒரு மிதவையில் கட்டிக் கிடக்கிறது வீடு.
முப்பத்தோரடி. ஒற்றைப் பாய்மரம்.
பழைய சொந்தக்காரர் வைத்த பெயரே இருக்கட்டும்,
எழுத்தை மாற்ற யார் பெயிண்டு வாங்குவது
என்றுவிட்டாள் வளர்மதி.

சேமநிதிப் பணம் மாதாமாதம் வரத் தொடங்க
இன்னும் இருபத்து மூன்று மாதம்.
கையில் பத்தொன்பதாயிரத்து நானூறு வெள்ளி.

துவாஸ் கப்பல் பட்டறையில்
இரும்புத் தகட்டின் கனம் அளந்தவன் நான்.
ஆண்டுக்கு இத்தனை மில்லிமீட்டர் துரு தின்னும்,
இந்தக் கனத்துக்குக் கீழே போனால் தாங்காது
என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவன்.
அதே நோட்டு, அதே கட்டங்கள்.
இப்போது வங்கி இருப்பு.
மார்ச், தேய்மானம் தொள்ளாயிரத்துப் பத்து.
ஏப்ரலில் பம்பு போனது.
ஏப்ரலை இன்னும் எழுதவில்லை.

வங்கிக் கடிதம் கடலுக்கு வராது.
அடையாள அட்டையில் இருப்பது
பொங்கோலில் மகள் வீட்டு முகவரி.
கயல் உறையைப் பிரித்துப் படமெடுத்து அனுப்புவாள்,
ஒரு சொல் சேர்க்க மாட்டாள்.
போன மாதம் மட்டும் படத்துக்குக் கீழே
"சாப்டீங்களாப்பா?"
வளர்மதி என் கையிலிருந்து வாங்கி
"மீன் குழம்பு" என்று தட்டினாள்.
டின் சார்டின்.
மீன்தானே.

முதலில் போனது சிறுபடகின் மோட்டார்.
உபின் படகோட்டி ஹம்ஸா ஐம்பது வெள்ளி குறைத்து வாங்கி
மனம் கேட்காமல் ஒரு கொத்து ரம்புத்தான் தந்தார்.
இப்போது துடுப்பு. கரைக்கு இருபது நிமிடம்,
நீரோட்டம் எதிர்த்தால் நாற்பது.
அப்புறம் குளிரூட்டி.
இரண்டாம் நங்கூரமும் அதன் சங்கிலியும்.
என் புத்தகங்கள், எடைக்கு.

தையல் மெஷினை என்ன செய்யலாம் என்று
நான் கேட்ட இரவு பதில் இல்லை.
காலையில் பார்த்தால்
பக்கத்து மிதவைப் பிரெஞ்சுக்காரரின் கிழிந்த பாய்
மேசையை மூடி, அடுப்பை மூடி, என் படுக்கை வரைக்கும்.
நடுவில் இவள், ஊசிக்கு ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு.
எண்பது வெள்ளி.
கட்டத்தில் கூட்டல் குறி போட்டுப் பழக்கமில்லை.
பேனா கொஞ்சம் நின்று யோசித்தது.

லங்காவிக்குப் போய்விடுங்கள்,
ஒரு வெள்ளி அங்கே மூன்றாகும் என்கிறார்கள்
காற்றின் திசை தெரிந்த எல்லோரும்.
இவள் கண்ணின் அழுத்தத்தை
மூன்று மாதத்துக்கு ஒருமுறை
பலதுறை மருந்தகத்தில் பார்க்கிறார்கள்.
சொட்டு மருந்து தீரும் தேதிதான்
எங்கள் அடிவானம்.
தலைக்கு மேல் ஒரு விமானம்
சக்கரத்தை இறக்கிக்கொண்டு போகிறது.

படகைக் கரையேற்றிச் சுரண்டக் கட்டணம் கேட்டேன்,
சொன்னார்கள்.
புட்டிக் கத்தியோடு நானே இறங்கினேன்.
மூச்சுக்கு நான்கு கொட்டலசு, ஐந்து கொட்டலசு.
மேலே வந்து விளிம்பைப் பிடித்தபோது பார்த்தேன்.
தண்ணீர் தொட வேண்டிய சிவப்புக் கோடு
தண்ணீருக்கு மேலே, இரண்டு விரற்கடை.
மோட்டார், சங்கிலி, புத்தகம்.
விற்றதெல்லாம் சேர்ந்து படகைத் தூக்கியிருக்கிறது.
"நாம உயர்ந்துட்டோம்" என்று கத்தினேன்.
"ரத்தம் வருது, முழங்கைய பாருங்க" என்றாள்.

விடிவதற்கு முன் சுமத்ராக் காற்று.
கம்பிகள் ஊளையிட, கித்தானை விரித்துப்
பள்ளம் பிடித்து நின்றோம் இரண்டு பேரும்
ஆளுக்கொரு மூலையில், தொப்பலாக.
தொட்டி நிறைந்தது, வாளிகள் நிறைந்தன,
பிரஷர் குக்கர் நிறைந்தது.
முந்நூறு லிட்டருக்குக் குறையாது.
கரையிலிருந்து கேன் கேனாகத் தூக்கினால் நான்கு நாள் வேலை.
டார்ச் அடித்துப் பார்த்தேன்.
கோடு கொஞ்சம் இறங்கியிருந்தது.

நோட்டை எடுத்தேன்.
மழைக்குக் கட்டம் இல்லை.

ஏழரைக்குக் கைபேசி ஒளிர்ந்தது. கயல்.
ஒரு படம், இன்னும் திறக்காதது.
மொதல்ல காப்பி என்றாள்,
குக்கர் தண்ணீரைக் கெண்டிக்கு மாற்றியபடி.